பாட்டுக்குள் சிங்காரம்

சுனாமியில் போன கிளாரினெட்காரர் சிங்காரம், காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் மூச்சு விடுகிறாராம். 2009இல் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு முழுக்க இதே பேச்சு. டிக்கெட் எடுத்தாரா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

செல்போன் கடை எழிலன் காதுக்கும் அது வந்தது. பஸ்ஸில் ஓடுவது அவன் பாட்டு. பழைய அமெரிக்க ராப்காரர்கள் ஜாஸ் இசைத்தட்டில் ஒரு துண்டை வெட்டித் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். இவன் ஒரு கல்யாண கேசட்டில் சிங்காரத்தின் வாசிப்பை அப்படி வெட்டி, மேலே பேசியிருந்தான்: "விழுந்தியா, பரவால்ல, மண்ணத் தட்டிட்டு நட."

"மச்சான், ராப்புன்னா நாலு பேரத் திட்டணும்டா. நீ இன்சூரன்ஸ் ஏஜெண்டாட்டம் தெம்பு சொல்ற" என்றான் கூட்டாளி அருள்முருகன். ஆனாலும் கடலூர்க் கம்பெனி ஒன்று சி.டி. போடக் கேட்டிருந்தது. எழிலனைத் தேடி வந்த முதல் அதிர்ஷ்டம்.

வதந்தியைச் சோதிக்க ஹெட்போனை மாட்டினான். தன் குரலை நீக்கினான், டிரம்ஸை நீக்கினான். துண்டின் கடைசியில் ஒரு மூச்சு. உள்ளே இழுக்கிற மூச்சு. மறுபடி சுற்று, மறுபடி இழுப்பு. வெளியே விடவே இல்லை.

மறுநாள் தேவனாம்பட்டினத்தில் சிங்காரத்தின் மனைவி மலர்க்கொடி முன்னால் உட்கார்ந்திருந்தான். உடல் கிடைக்காததால் கருமாதி செய்யவிடாதவள். முழுப் பாட்டையும் கேட்டாள்.

"நல்ல வார்த்தைதான் தம்பி. அவுங்கள மட்டும் ஏன் இழுத்த மூச்சோட நிறுத்தி வச்சிருக்க?"

"அங்க வெட்டினாத்தான்க்கா தாளம் உக்காரும்."

"உனக்கு உக்காரும். அவுங்களுக்கு நெஞ்சடைக்காதா? அடுத்த அடிய வாசிக்கத்தான் இழுக்குறாங்க. அதயும் சேத்துட்டு சி.டி. போட்டுக்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சரியென்று வாக்குக் கொடுத்தான். கடைக்கு வந்து கேசட்டை ஓட்டினால், அந்த மூச்சோடு பக்கம் தீர்ந்துவிட்டது. திருப்பிப் போட்டால், மைக்கில் மொய் வைத்தவர்கள் பெயரை வாசிக்கிறார்கள்.

"வேற எவனையாவது ஊதவிட்டு ஒட்டுடா. யாருக்குத் தெரியும்?" என்றான் அருள்முருகன்.

"அந்தக்காவுக்குத் தெரியும்."

புவனகிரி, குறிஞ்சிப்பாடி என்று சிங்காரம் வாசித்த கல்யாண வீடுகளில் எல்லாம் கேசட் கேட்டான். கிடைக்கவில்லை. கம்பெனி காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பையனைப் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே ஊர் போன்களில் ஏறிய பாட்டை யார் இறக்குவது? ஒருநாள் பஸ்ஸில் பாட்டின் அந்த மூச்சு வந்தபோது எழிலன் திரும்பிப் பார்த்தான். கண்டக்டர், பூக்கூடைக்காரி, தூங்குகிற குழந்தை, இழுத்த மூச்சோடு ஒருவர் நெஞ்சும் அசையவில்லை.

2012இலும் மலர்க்கொடி போன் செய்தாள்.

"அவுங்க மூச்ச விட்டுட்டாங்களா தம்பி?"

"இன்னும் ஒரு அடி பாக்கிக்கா."