போன் எண் இல்லாத லாட்ஜ்

மேலகரம் தாண்டும்போது சாரல் வலுத்தது. குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு நடந்துகொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று கைகாட்டினேன். அன்று காலை வரை வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில்தான் படுத்துக்கொள்வேன். வேலை போனதும் படுக்கையும் போனது. சீசனில் குற்றாலத்தில் வேறெங்கே படுப்பது?

கடைக்காரர் லாட்ஜுகளுக்கு முன்பதிவு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பவர். லாட்ஜுக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல், அதாவது விவரக் கோப்பு; ரூம் புக் செய்பவருக்குப் போகும் மெசேஜில் வரும் பெயரும் எண்ணும் அதிலிருந்துதான். பெயரும் போன் எண்ணும் வரவேண்டிய இடங்களில் டாலர் குறியோடு ஒரு சொல் மட்டும் இருக்கும். கையால் மாற்றி அலுத்துப்போய் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன்; இது திருப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கியபோது பார்த்துப் பழகியது. லாட்ஜுகளின் விவரங்களை வரிசையாகப் படித்து, அந்தச் சொற்கள் இருந்த இடத்தில் உண்மையான பெயரையும் எண்ணையும் அது நிரப்பிவிடும்.

ஒரு லாட்ஜுக்காரர் எண்ணை மாற்றப்போவதாகச் சொன்னதால் அவருடைய போன் வரியை எழுதாமல் விட்டிருந்தோம். ஸ்கிரிப்ட் அங்கே காலியாக விடவில்லை. முந்தின லாட்ஜின் எண்ணைக் கையிலேயே வைத்திருந்து போட்டுவிட்டது. ஒரு லாட்ஜ் முடிந்ததும் பழையதை அழிக்கச் சொல்லும் வரியை நான் எழுதவில்லை. முந்தின லாட்ஜ் அவருடைய அண்ணனுடையது. பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அன்று காலை தம்பி கடையில் வந்து கத்தினார். "எனக்கு புக் பண்ணுனவன் எல்லாம் வழி கேட்டு அவனுக்குல்லா போன் அடிக்கான்! அவனும் 'நம்ம லாட்ஜ்தான், வாங்க'ன்னு கூட்டிட்டுப் போயி படுக்க வைக்கான்!"

"நெட்வொர்க் கோளாறு அண்ணாச்சி," என்றார் கடைக்காரர்.

"நெட்வொர்க்குக்கு எங்க அண்ணன் நம்பர் எப்படிவே தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் திரும்பினார். "சிரிக்கியோ? பையைத் தூக்குலே."

தென்காசி ஸ்டேஷன் பெஞ்சில் ஈரச் சட்டையோடு படுத்தேன். மறுநாள் காலையில் தம்பி லாட்ஜுக்காரர் போன் செய்தார். அவர் லாட்ஜில் கம்ப்யூட்டர் மாட்டியவன் நான் என்பதால் என் எண் அவரிடம் இருந்தது.

"புக் பண்ணுனவங்களுக்கு சரியான நம்பரை மறுபடி அனுப்பியாச்சு. ரெண்டுல எது நிஜம்னு எங்க அண்ணன்ட்டயே போன் போட்டுக் கேக்காவ! நீ எங்கன இருக்க?"

"ஸ்டேஷன்ல."

"அங்கனயே நில்லு. நம்ம லாட்ஜுக்கு புக் பண்ணுன ஆளு இறங்குனா, போனை எடுக்க விடாம ஆட்டோல ஏத்து. ராத்திரி இங்க மாடிப்படிக்குக் கீழ படுத்துக்கோ."

ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து லாட்ஜ் பெயரைப் பெரிதாக எழுதி, சென்னை ரயில் வரும் பிளாட்பாரத்தில் போய் நின்றேன்.