ஏழு மரங்களுக்கு ஒரு நோட்டீஸ்

போன செவ்வாய்க்கிழமை மாலை 4.40க்கு ஒரு வேப்பமரத்துக்கு நோட்டீஸ் கொடுத்தோம். மறுநாள் காலை 7.10க்கு அதைச் சுற்றி ஒன்பது பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

நடுவில் நடந்தது முழுக்க என் கைவேலை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

குடியிருப்பது முதலியார்பேட்டையில் என்றாலும் எனக்குப் பாகூர் பக்கம் ஒரு காணி நிலம் உண்டு. வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் போய், நிலம் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். கிழக்கு வரப்பில் ஏழு மரங்கள் — நான்கு பூவரசு, இரண்டு ஒதியம், ஒரு வேம்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் செல்வியின் கழனி.

ஆறு வருடமாக செல்விக்கு ஒரே புகார்தான். “சார், மத்தியானத்துக்கு மேல உங்க மரத்து நிழலு பூரா எங்க கழனியிலதான் படுத்துத் தூங்குது. நெல்லு எப்படி பால் புடிக்கும்?”

நம்பாமல் டேப் பிடித்து அளந்தேன். வரப்பிலிருந்து பதினெட்டு அடி வரைக்கும் பயிர் சோகை பிடித்து நின்றது. செல்வி சொன்னது இருபது அடி. அந்த இரண்டு அடியைத் தவிர, நியாயம் முழுக்க அவர் பக்கம்!

இந்தத் தடவை கெடு வைத்துவிட்டார். நாற்றங்காலில் சம்பா நாற்று தயார். வெள்ளிக்கிழமை நடவு. என் பக்கம் கரண்ட் கம்பி போகிறது, அதனால் மரங்களைச் செல்வியின் கழனிப் பக்கம்தான் சாய்க்க வேண்டும். நட்ட பிறகு சாய்த்தால் நாற்று நசுங்கும். வெள்ளிக்கு முன் வெட்டாவிட்டால் இந்த விளைச்சலும் நிழலுக்குப் போய்விடும்.

“இந்த வாட்டியும் ஏமாத்தினீங்க, உங்க வீட்டு மாடியில வந்து நாத்து நடுவேன்” என்றார். நட்டாலும் நடுவார்.

டவுனில் விறகுத் தொட்டி வைத்து வியாபாரம் செய்யும் காதர் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்தார்.

“வேம்பை பிரியாணி மாஸ்டருங்க தொட மாட்டாங்க சார், சோறு கசக்கும்பாங்க. செங்கல் சூளைக்குத்தான். ஒதியம்... அது மரமே இல்ல, தண்ணிக் குடம். பூவரசு ஓகே. பீச் பக்கம் பிட்சா கடை வச்சிருக்கிற பிரெஞ்சுக்கார முசே ஒருத்தர் இருக்காரு. எல்லா விறகும் ஒன்றரை அடி நீளம், மணிக்கட்டு பருமன் இருக்கணும்பாரு. ஸ்கேல் வச்சு அளப்பாரு.” சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு சொந்தமா சார்?”

 கையிலிருந்த டேப்பை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

பாயோடு வந்த மரம் வெட்டும் ஏழுமலைக்கு ஒரு பழக்கம். வெட்டுவதற்கு முதல் நாளே மரத்துக்குச் சொல்லிவிட வேண்டும். வேம்பின் அடியில் மஞ்சள் நூல் ஒன்றைக் கட்டி, ஒரு சிட்டிகை குங்குமம் வைத்து, மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “இங்க குடியிருக்கிறவங்க எல்லாம் வேற எடம் பாத்துக்குங்க. நாளைக்கு வெட்டப் போறோம்.”

இதுதான் நான் சொன்ன நோட்டீஸ். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு மரத்தில் மட்டும், அதுவும் கண்ணுக்கே தெரியாத நூலில் கட்டினால் எப்படி? மற்ற ஆறு மரங்களில் இருப்பவர்களுக்குத் தகவல் போக வேண்டாமா?

அவர்கள் போன பிறகு கடைக்குப் போய் மஞ்சள் துணி வாங்கி வந்தேன். ஏழு சம துண்டு. ஏழு மரத்திலும் நெஞ்சு உயரத்தில் கட்டினேன். பிறகு, வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்துவிடலாமே என்று தோன்றியது. சுண்ணாம்பைக் குழைத்து நடுவில் வெட்டுக்கோடு போட்டேன். ரம்பம் கொஞ்சம் மேலும் கீழும் போகலாம், ஆனால் அளவோடு — அதற்காக மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ரம்பம் தொடங்க வேண்டிய இடத்தில், ஏழுமலை விட்டுவிட்டுப் போன குங்குமத்தை நனைத்து வட்டமாக ஒரு பொட்டு. கணக்குக்காகக் கீழே ஒரு நம்பர்.

மூன்று வெள்ளைக் கோடு. நடுவில் சிவப்புப் பொட்டு. மேலே மஞ்சள் துணி.

நீங்கள் சிரிப்பது புரிகிறது. எனக்கு அன்றைக்கு சத்தியமாக ஒன்றுமே தோன்றவில்லை.

மறுநாள் காலை, செல்வி கழனிக்கு அடுத்த கழனியில் நடவுக்கு வந்த பெண்கள் மரத்தடியில் நின்றார்கள். வேம்பின் முன் எலுமிச்சம்பழம். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

“சார், சாமி எப்ப வந்துச்சு?” என்றார் ஒரு பெண்.

எனக்கு நேரம் தப்பாகச் சொல்ல வராது. “நேத்து சாயங்காலம் நாலு நாற்பதுக்குத்தாம்மா ஆரம்பிச்சோம்...”

“பாத்தியாடி! மணி நிமிஷத்தோட சொல்றாரு!”

“ஐயோ, அது வெட்டுறதுக்குப் போட்ட கோடும்மா!”

“தப்பு தப்புன்னு கன்னத்துல போட்டுக்குங்க சார்.”

போட்டுக்கொண்டேன். ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்ய?

ஆதாரம் காட்டலாம் என்று, கோட்டுக்குக் கீழே நானே எழுதியிருந்த நம்பரைக் காட்டினேன். “பாருங்க, ஏழுன்னு போட்டிருக்கேன். அந்த மரம் ஆறு. அதுக்கு அடுத்தது அஞ்சு...”

எல்லோரும் மரங்களை விரல் விட்டு எண்ணினார்கள். அப்புறம் ஒருவர் கத்தினார்: “ஏழு கன்னிமாரு!”

அதுவரை ஒரு மரம்தான் சாமி. என் விளக்கத்துக்குப் பிறகு ஏழும்.

ஏழுமலை மெஷின் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். “கை வரல சார்.” பாய் என்னை ஓரமாக இழுத்தார். “நான் விறகு வாங்க வந்தேன் சார். வம்பு வாங்க வரல.”

அப்போதுதான் செல்வி வந்தார். மரங்களைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, பச்சைப் பசேலென்று நின்ற தன் நாற்றங்காலை ஒரு தடவை பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

நேராகப் போய் வாய்க்காலில் கால் கழுவி வந்தார். வேம்பின் முன் நின்று கை கூப்பிக் கண்ணை மூடினார். நீண்ட நேரம்.

கண்ணைத் திறந்தவர் சத்தமாகச் சொன்னார்: “அம்மாளுங்களுக்கு முடி பாரமா இருக்குதாம். இறக்கச் சொல்றாங்க.”

பெண்கள் குலவையிட்டார்கள்.

ஏழுமலை பயபக்தியோடு கேட்டார்: “எந்தப் பக்கம்க்கா?”

“கெழக்குப் பக்கந்தான் ரொம்ப பாரமாம்.”

எனக்கு இருமல் வந்துவிட்டது. பாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு அரிவாளோடு ஏறினார் ஏழுமலை. மூன்று மணிக்குள் ஏழு பேருக்கும் கிழக்குப் பக்கம் முழு மொட்டை. பூவரசுக் கிளைகள் எல்லாம் சரியாக மணிக்கட்டு பருமன். குட்டியானை வண்டியில் அடுக்கும்போது பாய் சொன்னார்: “அடிமரமா இருந்தா பொளக்கணும் சார். இத காயவச்சு நறுக்கினா போதும். உங்க சாமி எனக்கும் நல்ல சாமி.”

வெள்ளிக்கிழமை நடவு முடிந்தது. பிற்பகல் 3.15க்குப் போய் அளந்தேன். நிழல் வரப்பைத் தாண்டி நாலரை அடிதான்.

வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் செல்வி. “அளந்தாச்சா?”

“அளந்துட்டேன். பரவாயில்லையா?”

“இந்த வருஷத்துக்குப் பரவால்ல. கிளை மறுபடி தழைக்குமே. அதான் வருஷா வருஷம் நடவுக்கு முன்னாடி முடி இறக்குறேன்னு வேண்டிக்கிட்டேன்.” ஒரு வாய் டீ. “உங்க பேருல.”

“என் பேருலயா!”

“ஒன்பது பேரு சாட்சி சார். ஊர் பூரா தெரியும்.”

செல்வி சொல்லி ஆறு வருடம் தள்ளிப்போட்ட ஆள் நான். மெதுவாகக் கேட்டேன் — “ஏதாவது ஒரு வருஷம்... கொஞ்சம் தள்ளிப்போனா?”

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார் செல்வி.

“தள்ளிப் போட்டுத்தான் பாருங்களேன்.”