வேதவல்லி மேடம் கொடுத்து வைத்த பாட்டில்

செவ்வாய்க்கிழமை காலை மேடத்தின் தம்பி சேகர் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார்." அன்று முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வேதவல்லி மேடத்தை உங்களில் பலர் அறிவீர்கள். நான் அடுத்த அறையில் இயற்பியல் கற்பித்தவன். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. ஆனால் இந்த ஒன்று அவர்களுக்குத் தெரியாது. சேகரின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

கல்வராயன் மலையில் ஊதா நிற மைக்கா கலந்த கல் கிடைத்ததிலிருந்து மேடத்துக்கு வேறு நினைப்பில்லை. சுடரில் காட்டியபோது சுடர் செக்கச்சிவந்து எரிந்தது. லித்தியம். சில நாடுகளில் உப்பு ஏரித் தண்ணீரை வெயிலில் வற்றவைத்தே எடுக்கிறார்களாம். "நமக்கு மலைதான் ஏரி சார்" என்பார். கல்லைப் பொடித்து, அமிலத்தோடு வறுத்து, நீரில் கரைத்து வடிகட்டி, சலவைச் சோடா சேர்த்துக் காய்ச்சினார். லித்தியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்தது. அதை வெந்நீரில்தான் கழுவ வேண்டும். குளிர்ந்த நீரில் அதிகம் கரைந்துவிடும். உதவப்போன நான் பச்சைத் தண்ணீரை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன மாச ஒழைப்ப சாக்கடையில ஊத்தப் பாக்குறீங்களே சார்!" கடைசியில் கிடைத்தது ஒரு சிறு பாட்டில் பொடி.

இடஒதுக்கீட்டுப் போராட்ட நாட்கள் அவை. சாலையெங்கும் மரங்கள் வெட்டிக் கிடந்தன. பேருந்து இல்லை. சேகருக்கு மனநோய். சேலத்து மருத்துவர் தந்த மாத்திரையில் அது அடங்கியிருந்தது. அந்த மாத்திரையும் லித்தியம் கார்பனேட்தான். அது தீர்ந்துபோனது. சேகர் தூக்கமில்லாமல் கூடத்தில் நடந்துகொண்டே சிரித்தார்.

"கல்ல மருந்தாக்குறவங்க எங்க அக்கா. எனக்கு ஒரு சிட்டிகை குடுக்க மனசு வரல, பாருங்க சார்!"

"அதே பொருள்தானே மேடம்?" என்று நானும் கேட்டேன்.

"அதேதான். கூட இன்னா கலந்து கெடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? அளவு ஜாஸ்தியானா ஆளையே கொன்னுடும்." பாட்டிலை என் பையில் போட்டார். "உங்க வூட்ல வைங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

"என்கிட்டயா?"

"நீங்க பயந்தவரு சார். அதான்."

அன்று மாலையே வந்து நின்றார். "அவன ரூம்ல போட்டுப் பூட்டிட்டு வந்திருக்கேன். கதவுல தலைய மோதிக்கினு கெடக்கான். ஒரு சிட்டிகை, குடுங்க சார்."

"மாட்டேன் மேடம்." அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

"நீங்கல்லாம் ஒரு மனுசனா?"

"சேகர நான் பாத்துக்கறேன். நீங்க சேலம் போயிட்டு வாங்க."

ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சின்னசேலம் ரயில் நிலையம் நோக்கி நடந்தார். "மரத்தப் போட்டு மறிச்சவங்கதான் என்னை சைக்கிள்ல வெச்சிக் கொண்டாந்து வுட்டாங்க" என்று பிறகு சொன்னார். "தம்பிக்கு மாத்திரைன்னதும், 'மொதல்லயே சொல்றதுக்கு இன்னாக்கா'ன்னு திட்டு வேற." மறுநாள் மாத்திரையோடு அவர் திரும்பும்வரை பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே மோதும் சத்தம் ஓய்ந்தபோதெல்லாம் எழுந்து காது வைத்துக் கேட்டேன். அதற்குள் சேகருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? இன்றும் அந்தக் கேள்வி என்னை உட்காரவிடுவதில்லை.

மேடம் அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கேட்கவே இல்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, தலை நரைத்த சேகர் கேட்டார்: "அந்த பாட்டில் இன்னும் உங்ககிட்டதான் இருக்குதா சார்?"

"இருக்கு. வேணுமா?"

"அக்கா கேட்டே குடுக்கல. எனக்குக் குடுத்துடுவீங்களாக்கும்!"

அது என் அலமாரியில் இருக்கிறது. என் பயத்தை நம்பி ஒருவர் என்னிடம் ஒப்படைத்த பொருள் அது ஒன்றுதான்.