தோட்டுத் துளையும் காதுத் துளையும்

2025 ஜனவரி 14, பொங்கல் நாள், காலை பத்தேகால். சிராங்கூன் சாலை கரும்புக் கட்டும் கூட்டமுமாக நெரிந்துகொண்டிருந்தபோது, பஞ்சவர்ணம் தன் பஸ்ஸை நிறுத்தத்தில் ஒதுக்கி, கதவுகளைத் திறந்துவிட்டு, ஸ்டியரிங்மேல் கைகளை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் பிடிபட்ட மீன் துள்ளுவது போலிருந்தது. பயணிகளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏறினார். பதினெட்டு ஆண்டு ஓட்டத்தில் அவர் பாதி வழியில் நிறுத்திய முதல் பஸ் அது.

ஐம்பத்தாறு வயது. புக்கிட் பாஞ்சாங்கில் ஒன்பதாம் மாடி வீடு. இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கின்றன என்றார் டாக்டர். மாத்திரையில் ஓரளவு அடங்கியது. ஆனாலும் வாரத்துக்கு நாலைந்து தடவை, மணிக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. அது நிற்கும்வரை பஸ் ஓட்ட அனுமதி இல்லை. டிப்போவில் அலுவலக வேலை கொடுத்தார்கள்.

"ஏசி ரூம்ல உக்காந்து சம்பளம். கசக்குதா உனக்கு?" என்றார் கணவர் துரைசாமி.

"நாற்காலிக்குச் சக்கரம் இருக்கு, ரோட்டுல ஓட மாட்டேங்குது லா."

ஏப்ரலில் மருத்துவமனை ஓர் ஆய்வில் சேரக் கேட்டது. கத்தி இல்லை, ஊசி இல்லை. காதில் ஒரு கிளிப், கைப்பேசி அளவுப் பெட்டியிலிருந்து மெல்லிய மின்சாரம், தினம் ஒரு மணி நேரம். காதின் ஓரிடத்தில் இதயத் துடிப்பை அடக்கும் வேகஸ் நரம்பின் கிளை தோலை ஒட்டி ஓடுகிறது. அதைத் தூண்டினால் துடிப்பு சீராகலாம். 'மேபி' என்ற அந்த ஒரு சொல் மட்டும் டாக்டர் வாயில் அழுத்தமாக வந்தது. மாத்திரையையும் விடக்கூடாது. விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில், ஒரு பிளாஸ்டிக் காதின்மேல் நடந்தது. பஞ்சவர்ணம் தலையாட்டிவிட்டு, தமிழில் அச்சிட்ட விளக்கத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

தாளில் இப்படி இருந்தது: 'காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறு மேட்டில் கிளிப்பை மாட்டவும்.'

ஆறு வாரம் ஒரு நாள் தவறவில்லை. எறும்பு ஊர்வது போலிருந்தது. வேலை செய்கிறது என்று நம்பினார். மார்பில் ஒட்டிய துடிப்புப் பதிவுக் கருவியிலோ எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. இதற்கிடையே, நிரந்தரமாக அலுவலகத்துக்கே மாற்றிவிடலாமா என்று டிப்போவில் கேட்கத் தொடங்கினார்கள். மறுபரிசோதனைக்குப் போனபோது பஞ்சவர்ணத்துக்குப் பாதி நம்பிக்கை போயிருந்தது.

அன்று இருந்த தாதி அஃப்னா தமிழ் பேசுபவர். "வீட்ல எப்படிப் போடுவீங்களோ, அப்படியே போட்டுக் காட்டுங்க ஆன்ட்டி."

பஞ்சவர்ணம் முதல் வேலையாகத் தோட்டைக் கழற்றினார்.

"தோட்டை ஏன் கழட்டுறீங்க?"

"துளை தெரிய வேணாமா? துளைக்கு முன்னாடின்னு போட்டிருக்கே."

கிளிப் காதுச் சோணையில், தோடு போடும் துளையை ஒட்டி ஒய்யாரமாகத் தொங்கியது. அஃப்னா தாளைப் பார்த்தார், காதைப் பார்த்தார்.

"ஐயோ ஆன்ட்டி, இது காது குத்தின துளை! அவங்க சொல்றது காது கேக்குற துளை!" கன்னத்தை ஒட்டி, காதின் வாசலில் இருக்கும் சின்ன மேட்டைத் தொட்டுக் காட்டினார். "நரம்பு இங்கதான். சோணையில போட்டா சும்மா கூசும், அவ்ளோதான்."

பஞ்சவர்ணத்துக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு, கடைசியில் கண் கலங்கிவிட்டது. சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லையே! அது எப்படித் தோற்றிருக்க முடியும்?

"ஆறு வாரமா தோட்டுக்குக் கரண்ட் குடுத்திருக்கா!" என்று தொலைபேசியில் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார் துரைசாமி.

ஆய்வுக் குழு தாளைத் திருத்தியது; அவரை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னது. மூன்றாம் வாரம் அந்தத் துள்ளல் வந்து, இருபதே நிமிடத்தில் போயிற்று. பன்னிரண்டாம் வாரம் பதிவைப் பார்த்தபோது, முந்தைய மாதம் முழுக்க ஒரே ஒரு முறை, நான்கு நிமிடம். கிளிப்பாலா, மாத்திரையாலா என்று ஒருவரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பஞ்சவர்ணம் அவர் கையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் உடற்தகுதிப் படிவத்தில் கையெழுத்து விழுந்ததும்தான் மூச்சை விட்டார்.

வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அவர் பஸ் எடுக்கிறார். முதல் இரண்டு வாரம் பயிற்சியாளர் ஒருவர் கூடவே வருவார்.