பிடியில் கிழிந்தது

துண்டு காய்ந்துவிடாமல் இன்னொரு சொட்டு உப்புநீர் விடுகிறாள். பன்றியின் இதய வால்விலிருந்து வெட்டியது. ஈரக் காகிதம் போல மெல்லியது. இரு முனைகளையும் இயந்திரத்தின் பிடிகளில் மாட்டி இழுக்க விடுகிறாள். திரையில் கோடு முதலில் சோம்பிக் கிடக்கிறது, பிறகு விறுவிறுவென்று ஏறுகிறது. பிடியை ஒட்டியே துண்டு அறுந்துவிட்டது. தூக்கிப் போடுகிறாள். "பிடிச்ச இடத்துல கிழிஞ்சா கணக்குல சேத்தியில்ல. அது சதையோட குத்தமில்ல, பிடிச்சவங்க குத்தம்."

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கிழிப்பக்கா என்று பெயர். சாப்பாட்டு நேரத்திலும் இதே பேச்சுதான். பக்கத்தில் இருப்பவர் தட்டோடு எழுந்து போய்விடுவார். இறந்தவர்களின் குடும்பம் கொடுக்கும் மனித வால்வுகளும் அவள் மேசைக்கு வரும். முதியவர்களுடையவை விறைப்பானவை, பன்றியினுடையது அதைவிட நெகிழ்ந்து கொடுக்கும். இரண்டுமே ஒரு திசையில் இழுத்தால் இணங்கும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். இணக்கமும் முரண்டும் ஒரே சதையில் இருப்பதில் அவளுக்கு வியப்பில்லை.

இப்போது அவளுடைய வால்வே சுருங்கிவிட்டது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. வேறு வால்வு பொருத்தியாக வேண்டும். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, சின்ன வெட்டிலும் ரத்தம் லேசில் நிற்காது. பன்றி வால்வுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் என்றைக்காவது தேய்ந்து, மறுபடி நெஞ்சைத் திறக்க நேரலாம். முடிவை அவளிடமே விட்டார் மருத்துவர். நாளெல்லாம் பிளேடு பிடிக்கிறவள் பன்றி வால்வே போதும் என்றாள்.

போனை எடுக்கவில்லை என்று அவளுடைய அக்காள் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"இரும்பையே வெச்சுக்கடி. இந்த வேலைய விட்டுத் தொலை. இத்தன வருஷமா என்னத்தக் கிழிச்ச?"

அவள் தட்டிலிருந்த துண்டுகளைக் காட்டினாள். அக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மறுபடி அறுத்தா தாங்குவியா?"

"தாங்கலாம், தாங்காமலும் போகலாம். அத அப்ப பாத்துக்கறேன். அதுக்குப் பயந்து இப்பவே கையக் கட்டிட்டு உக்கார முடியாதுக்கா."

அக்காள் கண் கலங்கி அவளுடைய இடது மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். இறுக்கத்தில் தோல் வெளுத்தது. அவள் பிளேடைக் கீழே வைத்தாள். அந்தப் பிடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அக்காளின் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக விலக்கிவிட்டு, காயத் தொடங்கியிருந்த அடுத்த துண்டின்மேல் ஒரு சொட்டு விட்டாள்.