காற்று பார்த்து நிற்கிறவள்

யாரிடமும் பேச நிற்பதற்கு முன்னால் வைஜெயந்தி காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துக்கொள்வாள். எதிரே நிற்பவரின் முதுகுப் பக்கமிருந்து வந்தால் நின்ற இடத்திலேயே நின்று பேசுவாள். தன் முதுகுப் பக்கமிருந்து வந்தால், முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் போய்விடுவாள். மரக்காணம் உப்பளத்தில் காலையில் மேற்கேயிருந்து மேல்காற்று, பத்து மணிக்கு மேல் கிழக்கேயிருந்து கடற்காற்று. ஆகவே காலையில் ஆளுக்குக் கிழக்கே நிற்பாள், பிறகு மேற்கே நிற்பாள். கண்ணுக்கு வெயில் ஆகாது போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கூடச் சுமை தூக்கும் அருக்காணி மட்டும், "இன்னாடி, சாமிய சுத்தற மாதிரி ஆளை சுத்தி வர்றே?" என்று கேட்பாள்.

வைஜெயந்திக்கு நாற்பத்திரண்டு வயது. அவள் புருஷன் புருஷோத்தமன் அதே அளத்தில் பலகை பிடித்துப் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குகிறவன். அவள் அதைக் கூடையில் அள்ளி, மேட்டில் உப்பைக் குவிக்கிற அம்பாரத்துக்குச் சுமந்து போகிறவள். ஈர உப்பு கனக்கும். ஒற்றை ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஒவ்வொரு நடைக்கும் அவன் பலகையைப் போட்டுவிட்டு வந்து, எதிரே குனிந்து, கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அப்போது இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். அவள் கை இரண்டும் கூடையில் மாட்டிக்கொண்டிருக்கும். முந்தானையால் வாயைப் பொத்த முடியாது. அதனால் மூச்சை அடக்கிக்கொள்வாள். சுமை தலையில் உட்கார்ந்து நாலு எட்டு நடந்த பிறகுதான் மூச்சு விடுவாள். ஒரு காலைக்கு முப்பது நாற்பது நடை. நாலு வருஷமாக இப்படித்தான்.

அதற்கு முன்னால் அந்த ஒரு சாண் அவளுடைய ராஜ்ஜியமாக இருந்தது. கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். கூடைக்கு ஒரு வாக்கியம் சொல்வாள். "சிவப்பிரகாசம் பொண்டாட்டி கோவிச்சுகினு அம்மா வூட்டுக்குப் பூட்டாளாம்யா," என்று சொல்லிவிட்டுச் சுமையோடு போய்விடுவாள். கொட்டிவிட்டு வரும்வரை புருஷோத்தமன் காத்திருக்க வேண்டும். அடுத்த கூடையைத் தூக்கும்போது, "அப்புறம்?" என்பான். "போனவ சும்மா போவல. ஆட்டுக்கல்லு குழவிய தூக்கிகினு பூட்டா." மறுபடி அம்பாரம், மறுபடி கூடை. "அப்புறம்?" "அப்புறம் இன்னா, எட்டு நாளா அந்த வூட்ல தோசை இல்ல." அவன் சிரிக்கிற சிரிப்பில் கூடை ஆடி, உப்புத் தண்ணீர் அவள் கழுத்தில் வழியும். "யோவ், ஒழுங்கா புடிய்யா," என்பாள். புருஷோத்தமன் அதிகம் பேசாத ஆள். அவன் வாயிலிருந்து ஒரு நாளில் வருகிற சொற்களில் பாதி இந்த 'அப்புறம்'தான்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், அவள் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். அவ்வளவுதான் நடந்தது. அம்பாரத்தின் பக்கம் எதையாவது பார்த்திருக்கலாம். கண்ணில் வியர்வை இறங்கியிருக்கலாம். அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் ஈறு வீங்கி ரத்தம் கசியத் தொடங்கி அப்போது ஆறேழு மாதம் ஆகியிருந்தது. எழுந்ததும் தன் வாய் வாடை தனக்கே பிடிக்காத நாட்கள் அவை. அன்று அடுத்த கூடையிலிருந்து கதை நின்றது. அன்று இரவிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள். மகள் சரண்யாவைப் பெருமுக்கல்லில் கட்டிக்கொடுத்தபோது, போட்டோக்காரர், "சிரிங்கம்மா, பொண்ணு கல்யாணமாச்சே," என்று நச்சரித்தார். ஆல்பம் முழுக்க வைஜெயந்தி உதட்டை இறுக்கிக்கொண்டு, சம்பந்தி வீட்டாரோடு சண்டை போட்டவள் மாதிரி நிற்கிறாள்.

வைத்தியம் செய்யாமல் இல்லை. உப்பளத்துக்காரிக்கு வேறென்ன வைத்தியம்? விடிகாலையில் பாத்தியோரம் உட்கார்ந்து, புதிதாக விளைந்த கல் உப்பைக் கிள்ளி எடுத்து, ஆள்காட்டி விரலால் ஈறில் அழுத்தித் தேய்ப்பாள். கடையில் விற்கிற உப்பில் சத்து போய்விடுகிறது, பாத்தி உப்புதான் மருந்து என்பது அந்த அளத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. ரத்தம் வந்தால் இன்னும் அழுத்துவாள். "கெட்ட ரத்தம், போவட்டும்," என்பாள். எச்சில் சிவப்பாக விழும். நாலு வருஷத்தில் எவ்வளவு கெட்ட ரத்தம் போயும் ஈறு ஆறவில்லை. கீழ் வரிசைப் பற்கள் இரண்டு ஆட ஆரம்பித்தன.

சுனாமி வந்துபோன பிறகு கடற்கரை ஊர்களுக்கு மருத்துவ முகாம்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு முகாமில் பல் டாக்டர் இருந்தார். கலைமதி என்று பெயர், புதுச்சேரியில் பயிற்சி, முப்பது வயதுகூட இருக்காது. வைஜெயந்தி வழக்கப்படி சுற்றிவந்து உட்காரப் பார்த்தாள். மண்டபத்துக்குள் காற்றே இல்லை. மின்விசிறி வேறு மேலிருந்து எல்லாப் பக்கமும் அடித்தது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள்.

"பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை மாதிரி விட்டுடுச்சும்மா," என்றார் டாக்டர். "உள்ள அழுக்கு சேந்து, எலும்பு வரைக்கும் போவுது. நீங்க மேல எவ்ளோ தேய்ச்சாலும் அங்க எட்டாது."

வைஜெயந்தி கொஞ்சம் யோசித்தாள். "வரப்புல நண்டு வளை மாதிரியா?"

"என்னதும்மா?"

"நண்டு வரப்புக்குள்ள வளை போட்டுட்டா, மேல மேல சேறு அப்பினா நிக்காது டாக்டரம்மா. தண்ணி உள்ளாறயே போய்கினு இருக்கும். வளைய தோண்டி சுத்தம் பண்ணிட்டுதான் மிதிக்கணும்."

"அதேதான்," என்று டாக்டர் சிரித்தார். "அதைத்தான் லேசர் வெச்சு பண்ணலாம்னு சொல்றேன். கத்தி இல்ல, தையல் இல்ல."

மழை தொடங்கி, உப்பு அம்பாரங்களுக்குக் கீற்று வேய்ந்து அளத்தை மூடிய பிறகு, புருஷோத்தமன் கட்டட வேலைக்கு பெங்களூர் போனான். வைஜெயந்தி முகாமில் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு, அருக்காணியோடு புதுச்சேரிக்கு பஸ் ஏறினாள். முதல் தடவை பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். அடுத்த தடவை பச்சைக் கண்ணாடி ஒன்றை மாட்டி, ஈறை மரத்துப்போகச் செய்து, நூல் கனத்தில் ஒரு கம்பியைப் பல்லோரம் விட்டார்கள். அதன் நுனியிலிருந்து வருகிற வெளிச்சம்தான் உள்ளே கிடக்கிற கெட்ட சதையை எடுக்கிறதாம். மயிர் பொசுங்குகிற மாதிரி லேசாக ஒரு வாடை வந்தது. வலி தெரியவில்லை. துப்பியபோது சிவப்பு அதிகம் இல்லாததுதான் அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது.

கலைமதி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். "லேசர் பண்ணியாச்சுன்னு விட்டுடக் கூடாது. மெத்துனு இருக்கற பிரஷ், ரெண்டு வேளை. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும். முக்கியமா, கல் உப்பு போட்டுத் தேய்க்கறத இன்னியோட நிறுத்துங்க. ஈறைக் கிழிச்சதே அதுதான்."

பஸ்ஸில் வைஜெயந்திக்கு அதுதான் ஆறவில்லை. "உப்பு மேலயே பழி போடுது பாரு," என்றாள். ஆனால் நிறுத்திவிட்டாள்.

நாலைந்து தடவை போய்வந்ததில் வீக்கம் வடிந்தது. ஆடிய பற்களில் ஒன்று நிலைத்துவிட்டது, மற்றதைப் பிடுங்கிவிட்டார்கள். தலையணையில் ரத்தக்கறை படிவது நின்றது. ஆனால் வாடை போய்விட்டதா? அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. உள்ளங்கையில் ஊதி முகர்ந்தால் கை வாடைதான் வந்தது. "சுத்தமா இல்லம்மா," என்றார் டாக்டர். வெளியே வந்ததும் வைஜெயந்தி, "மூஞ்சிக்குத் துணி கட்டிகினு சொல்லுது, அதுக்கு எப்டி தெரியும்?" என்றாள். பஸ் நிலையத்தில் அருக்காணியை நிறுத்தி அவள் முகத்தில் ஊதினாள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்த அருக்காணி கண்ணை மூடி நன்றாக முகர்ந்துவிட்டு, "வெத்தலை வாசனைதான்டி வருது. அது உன்னுதா என்னுதான்னு தெரியல," என்றாள்.

சொல்லக்கூடிய மூக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதனிடம் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை. பொங்கலுக்கு அவன் வந்தான். ஒரு பல் இல்லாததைப் பார்த்துவிட்டு, "வலிச்சுதா?" என்றான். காற்று பார்த்துத் தள்ளி நின்று, "இல்ல," என்றாள். நாலு வருஷத்துப் பழக்கம், ஈறு ஆறின வேகத்தில் ஆறாது. பேச வேண்டியது எவ்வளவோ சேர்ந்து கிடந்தது. படுக்கும்போது உடம்பு தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது.

இந்த வருஷம் மாசிக் கடைசியில் முதல் உப்பு வாரினார்கள். காலை முழுக்கப் பழையபடிதான். அவன் தூக்கிவிட்டான், அவள் மூச்சை அடக்கினாள். பத்து மணிக்கு மேல் காற்று திரும்பியது. கடற்பக்கமிருந்து வந்து அவள் முதுகில் அடித்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் கூடையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவாள். புருஷோத்தமனும் அதற்குப் பழகியவன், அவள் சுற்றிவர இடம் விட்டு ஒதுங்கினான். அவள் நகரவில்லை. குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்தாள். அவனும் வந்து பிடித்தான். கூடை மேலே எழும்பியது. முகத்துக்கு நேரே முகம் வந்தபோது வைஜெயந்தி வாயைத் திறந்தாள்.

"பாண்டிச்சேரில எனக்கு பச்சைக் கண்ணாடி மாட்டி உக்கார வெச்சாங்கய்யா," என்றாள்.

சுமை தலையில் உட்கார்ந்தது. அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சட்டென்று திரும்பி, அம்பாரத்தை நோக்கி வரப்பில் நடந்தாள். ஒரு எட்டு, இரண்டு எட்டு. பலகையை எடுக்கிற சத்தத்துக்காகக் காது பின்னாலேயே இருந்தது. அந்தச் சத்தம் வரவில்லை.

"அப்புறம்?" என்றான் புருஷோத்தமன்.

சொட்டுகிற கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த அளத்தில் யாரும் நின்று பேசுவதில்லை. கழுத்து ஒடிந்துவிடும். வைஜெயந்தி நின்றாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் குறுகிய வரப்பில் பாதங்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, உடம்பு முழுவதையும் அவன் பக்கம் திருப்பினாள். நெற்றியில் உப்புத் தண்ணீர் இறங்க இறங்க, நடந்த இரண்டு எட்டையும் திரும்பி நடந்தாள்.