வேலிக்கு வெளியே தொங்கிய பூ

சாமிப்படத்துக்கு வைக்க என் கணவர் விடியப்புறம் பூப் பறிக்கப் போவார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. யாருடைய வளவுக்குள்ளும் கால் வைக்கமாட்டார். வேலிக்கு வெளியே தெருப்பக்கம் தொங்குகிற செவ்வரத்தம் பூ மட்டும்தான். இந்த நாட்டுக்கு வந்து ஹரிஸ் பார்க்குக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்தபோது அந்தத் தெருவில் பாதிப்பேர் எங்கட சனம், அவர்களும் அப்படித்தான் பறிப்பார்கள். ரோந்து வரும் பொலிஸ் கார் இவரைக் கடந்து போகும். ஒருநாள் இவர் கையைத் தூக்க, உள்ளே இருந்தவனும் தூக்கினானாம். பெருமையாக வந்து சொன்னார்.

ஆனால் அதே கார் ரயில் ஸ்டேஷன் மூலையில் நிற்க, அதில் வந்தவர்கள் ஆபிரிக்கப் பெடியன்களின் பள்ளிக்கூடப் பைகளை நிலத்தில் கொட்டிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். இவரை விட்டவர்கள் அவர்களை ஏன் விடவில்லை என்று அப்போதே எனக்குள் ஒன்று உறுத்தியது.

பிறகு வாடகை ஏற, ஓர் அமைதியான தெருவில், ஒரு வீட்டின் பின்வளவில் கட்டியிருந்த சின்ன வீட்டுக்கு மாறினோம். எங்களைத் தவிர அந்தத் தெருவில் எல்லோரும் வெள்ளைக்காரர். நல்ல இடம் என்று சனம் சொன்னது. எனக்கென்றால் ஜன்னல் சீலைகள் அசைவது போலவே இருக்கும்.

இவருடைய விசா தற்காலிகமானது. நிரந்தர விசாவுக்குப் போட்ட விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. பொலிஸில் ஒரு சின்னக் கேஸ்கூட வரக்கூடாது என்று லோயர் சொல்லியிருந்தார்.

ஒரு காலை இவர் திரும்பி வரப் பிந்தியது. இரவு உடுப்பின்மேல் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கொஞ்சம் தள்ளிப் பொலிஸ் கார். இவர் மதிலோடு நிற்கிறார், பை பொலிஸ்காரன் கையில். தெரியாத ஒருவன் வீடுகளை நோட்டம் பார்க்கிறான் என்று யாரோ அறிவித்தார்களாம். என்ன செய்தாய் என்று அவன் கேட்கவில்லை. இங்கே யாரிடம் வந்தாய் என்றுதான் கேட்டான்.

“இஞ்சேரப்பா, நாங்கள் இந்தத் தெருதான் எண்டு சொல்லும்” என்றார் இவர்.

சொன்னேன். வீட்டைக் காட்டினேன். “பின்னாலேயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டு, இவருடைய லைசென்ஸை வாங்கினான்.

அப்போது நாயோடு உலாத்தும் வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். மூலை வீட்டுத் தேசிமரத்தில் வேலிக்கு வெளியே தொங்கிய ஓர் எலுமிச்சங்காயை வழக்கம்போல முறித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். பொலிஸுக்குக் காலை வணக்கம் சொன்னார். அவனும் திருப்பிச் சொன்னான். எங்களைப் பார்த்து நாய்தான் வாலாட்டியது.

பொலிஸ்காரன் போனில் எதையோ தட்டினான். இந்த முறை விடுகிறோம் என்று பையையும் லைசென்ஸையும் திருப்பித் தந்தான். வீடு திரும்பும் வழியில் நான் கேட்டேன்.

“விடுறது எண்டால் என்னப்பா? பிடிச்சதை எல்லோ விடுறது?”

“பூவையும் தந்திட்டான், பிறகென்ன?”

“போனில என்னவோ எழுதினவன்.”

“பெண்சாதிக்கு மெசேஜ் போட்டிருப்பான். நீர் சும்மா இரும்.”

லோயரைக் கேட்டேன். கேஸ் போடாவிட்டால் பிரச்சினை இராது, என்றாலும் அவர்கள் என்ன பதிந்தார்களோ தனக்குத் தெரியாது என்றார். அந்த ‘என்றாலும்’ என்னை இன்னும் விடவில்லை. பொலிஸுக்கு அறிவித்தது நாய்க்காரரோ, எங்களுக்கு வாடகைக்கு வீடு தந்த முன்வீட்டு மனுசியோ? காணும் ஒவ்வொரு முகத்திலும் தேடினேன்.

இப்போது லீவு நாளில் இவர் ரயிலேறிப் பழைய தெருவுக்குப் போய்ப் பூப் பறித்து வருகிறார். சனம் சிரிக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். சட்டம் எங்கேயும் ஒன்றுதான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், இருக்கலாம். பொலிஸ் கார் ஓடுகிறவன் தெருவையும் ஆளையும் பார்த்துத்தானே வேகத்தைக் குறைக்கிறான்?

போன கிழமை பை பாதிதான் நிரம்பியிருந்தது.

“ரெண்டு வீடு கைமாறிட்டுது. புது வேலி, கமரா.”

“ஆர் ஆக்கள்?”

“ஆருக்குத் தெரியும். வாசலில நாய் நிண்டது.”

“பொலிஸ் வந்ததோ?”

“கார் ஒண்டு போனது. கையைக் காட்டினனான்.”

“அவன்?”

இவர் பூக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். “வேகத்தைக் குறைச்சவன்” என்றார்.